வாட்டர்ப்ரூஃபிங் என்று 68,500 ரூபாய் போச்சு: ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இருப்பவர்கள் உஷார்

68,500 ரூபாய். மாடி பாத்ரூமில் ஷவர் பக்கத்துப் பழைய டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது டைல்ஸ் ஒட்டித் தர நாங்கள் கொடுத்த பணம். அந்தப் புது டைல்ஸைத்தான் இன்று காலையிலிருந்து வேறொரு மேஸ்திரி உளி வைத்துப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

யார் என்று பெயர் போடப் போவதில்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆப் ஒன்று, அவ்வளவுதான். ஏசி சர்வீஸுக்கு முன்பு கூப்பிட்டபோது ஒழுங்காகச் செய்துகொடுத்தார்கள்.

அளவெடுக்க வந்த பையனைச் சொல்லியே ஆக வேண்டும். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தான். எங்கள் அத்தை "உள்ள வா கண்ணு" என்று மோர் கொடுத்தார்கள். "நானும் சென்னிமலைதானுங்க அம்மா" என்றான். அதோடு அத்தைக்கு அவன் நம்ம வீட்டுப் பையன் ஆகிவிட்டான். ஈரம் பார்க்கிற மெஷினைச் சுவரில் வைத்துக் காட்டினான், சாவியால் டைல்ஸைத் தட்டி எங்கெல்லாம் பொள்ளல் சத்தம் வருகிறது என்று கேட்கச் சொன்னான். "டைல்ஸும் இடுக்குல அடைக்கிற கிரவுட்டும் தண்ணியை நிறுத்தாதுங்க அக்கா, அடியில அடிக்கிற கோட்டிங்தான் நிறுத்தும். ரெண்டு கோட்டு, பத்து வருசம் வாரண்டி" என்றான். அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தவர்கள் இல்லை இவர்கள்.

அட்வான்ஸ் 40,000 ஜிபேயில் போனது. வேலைக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள். கோட்டிங் அடித்த மறுநாள் காலையில் டைல்ஸ் கலவை கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்க வேண்டாமா என்று எங்க வீட்டுக்காரர் கேட்டதற்கு, "இந்த மெட்டீரியலுக்கு அதெல்லாம் தேவையில்லைங்க சார்" என்றார்கள். மிச்சப் பணம் கைமாறியதும் கிளம்பிவிட்டார்கள்.

பாத்ரூமுக்கு நேர் கீழே அத்தை படுக்கிற அறை. சீலிங்கில் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம். அப்புறம் பெயிண்ட் கொப்புளம் விட்டது. ஸ்டூல் போட்டு ஏறி விரலால் அழுத்தினேன், பொக்கென்று உடைந்து பழுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. உள்ளே சிமெண்ட் உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

புகார் போட்டேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒருவன் வந்து டைல்ஸ் இடுக்கில் வெள்ளை கிரவுட்டைத் திணித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. திரும்பத் திறந்தால், பைப் லீக்காக இருக்கலாம், செக் பண்ண 2,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டினேன். பைப்பில் ஒன்றும் இல்லை. அடுத்து வந்த பதில்தான் உச்சம்: போர்வெல் தண்ணீர் உப்பாக இருப்பதால் வாரண்டி பொருந்தாதாம்! ஈரோடு மாவட்டத்தில் போர்வெல் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? இளநீர் மாதிரியா வரும்? வாரண்டி கொடுத்தது கான்ட்ராக்டர் என்கிறது ஆப். மெட்டீரியல் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார் கான்ட்ராக்டர். சென்னிமலைப் பையனுக்கு போன் போட்டால், "நான் அங்கிருந்து நின்னுட்டேனுங்க அக்கா." 68,500 ரூபாயை வாங்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே கம்பெனியாக இருந்தார்கள்.

டைல்ஸைப் பெயர்த்த மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கோட்டுக்குப் பதில் ஒரே கோட்டு. பழைய பூச்சின் தூசியைக்கூடத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள், நகத்தால் கீறினால் பாலாடை போல உரிந்து வருகிறது. தரையும் சுவரும் சேருகிற மூலையைக் கலவை வைத்து உருட்டிவிடவும் இல்லை, வலை ஒட்டவும் இல்லை. தண்ணீர் இறங்குகிற நாணி ட்ராப்பைச் சுற்றி விரல் நுழைகிற சந்து. ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வரை ஏற வேண்டிய கோட்டிங் அரை அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர் ஓடுகிற சரிவான வாட்டமோ ட்ராப்பை விட்டுக் கதவைப் பார்த்து இருக்கிறது. "இது பெயிண்ட் அடிச்சதுங்க அம்மிணி" என்றார். இனி முதலிலிருந்து செய்ய வேண்டும். 68,500 மேல் இன்னொரு செலவு.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இந்த மனநிலையில் முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும்:

கோட்டிங் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி, இரண்டு நாளாவது விட்டுக் கீழ் சீலிங்கைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு டைல்ஸ்கூட ஒட்ட விடாதீர்கள். தேவையில்லை என்று எவன் சொன்னாலும் சரி.

இரண்டாவது கோட்டிங்கை முதல் கோட்டிங்குக்குக் குறுக்காக அடிக்க வேண்டும், நடுவில் காய விட வேண்டும். பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். வாட்டம் அடிக்குக் கால் இஞ்சாவது ட்ராப்பை நோக்கி இருக்கட்டும்.

வாரண்டி யார் பெயரில், எதற்கு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.