ஓடனா, டுராண்டா? 2007 டிராஃப்டை மீண்டும் எடைபோடுதல்

2007 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் நடந்த என்பிஏ டிராஃப்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி முதல் ஆளாக ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிரெக் ஓடனைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இடத்தில் இருந்த சியாட்டில் சூப்பர்சானிக்ஸ், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் டுராண்டை எடுத்துக்கொண்டது. பிறகு ஓடன் முழங்கால் காயங்களால் முடங்கியதும் டுராண்ட் பெரும் நட்சத்திரமானதும் கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும் என்பதால், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதியவரைத் திட்டுவதுபோல் போர்ட்லேண்டைக் கேலிசெய்வது வழக்கமாகிவிட்டது. அது எனக்கு உடன்பாடானதல்ல. அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து இருவரையும் ஒப்பிட்டால், ஓடனுக்கான வாதம் மிகவும் நியாயமானதாகவே இருந்தது என்பதும், டுராண்டுக்கான வாதம் அதைவிடச் சற்று வலுவாக இருந்தும் உரிய மதிப்பைப் பெறவில்லை என்பதும் தெரியவரும்.

ஐபிஎல் ஏலத்தைப்போல் பணத்தை ஏற்றி ஆளைப் பிடிக்கும் முறை இங்கே கிடையாது. முந்தைய பருவத்தில் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் முதல் மூன்று இடங்களை அன்று குலுக்கல் தீர்மானித்தது. 22 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த மெம்பிஸ் அணிக்கு முதலிடம் கிடைக்க 25 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. அது நான்காம் இடத்துக்குச் சரிந்தது. வெறும் 5.3 விழுக்காடு வாய்ப்போடு இருந்த போர்ட்லேண்டின் மடியில் முதலிடம் வந்து விழுந்தது. பள்ளி முடித்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்திருந்ததால், இருவருமே கல்லூரியில் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு வந்தவர்கள். மதிப்பிட இருந்தவை ஆளுக்கு முப்பத்துச் சொச்சம் கல்லூரி ஆட்டங்கள்தாம்.

ஓடனின் தரப்பை முதலில் பார்ப்போம். ஏழடி உயரம், 257 பவுண்டு எடை, விரித்த கைகளின் அகலம் ஏழடி நான்கு அங்குலத்துக்கு மேல். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களைத் தவறவிட்டவர், திரும்பி வந்தபோது, எதிரணியின் ஃபவுலுக்கு (விதிமீறலுக்கு) ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை இடது கையால் எறிந்தார். ஒரு கை முழுமையாக உதவாத நிலையிலும் ஆட்டத்துக்குச் சராசரியாக 15.7 புள்ளிகள், 9.6 ரீபவுண்டுகள் (குறிதவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது), 3.3 பிளாக்குகள் (எதிரணியின் எறிதலைத் தட்டிவிடுவது) என்று முடித்தார்; எறிந்த பந்துகளில் 61.6 விழுக்காடு கூடைக்குள் விழுந்தன. எண்களில் அடங்காத ஒன்றும் இருந்தது. அவர் வளையத்தின் கீழ் நின்றால் எதிரணியினர் உள்ளே புகவே தயங்கினார்கள். தேசியக் கல்லூரித் தொடரில் டென்னசி அணிக்கு எதிரான ஆட்டத்தை ஒஹாயோ ஸ்டேட் 85-84 என்று வென்றபோது, கடைசி நொடியில் வந்த எறிதலைத் தட்டிவிட்டவர் அவர்தான். 2007 ஏப்ரல் 2 அன்று நடந்த இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா 84-75 என்று வென்றது. ஆனாலும் அந்த டிராஃப்டிலேயே மூன்றாவதாகவும் ஒன்பதாவதாகவும் எடுக்கப்படவிருந்த அல் ஹோர்ஃபர்டு, ஜோகிம் நோவா ஆகிய இருவரையும் எதிர்த்து ஓடன் 25 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள், 4 பிளாக்குகள் எடுத்தார். மதிப்பீட்டாளர்கள் பலரின் மனத்தை முடித்து வைத்தது அந்த ஓர் இரவுதான் என்பது என் எண்ணம்.

டுராண்டின் எண்களோ வேறு வகையானவை. 25.8 புள்ளிகள், 11.1 ரீபவுண்டுகள், மூன்று புள்ளி எறிதலில் 40.4 விழுக்காடு, ஃப்ரீ த்ரோவில் 81.6 விழுக்காடு. கல்லூரிக் கூடைப்பந்தின் ஆண்டின் சிறந்த வீரருக்கான பெரிய விருதுகளை முதலாண்டு மாணவர் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. என் கண்ணில் படுவது புள்ளிகளைவிட ரீபவுண்டுகள்தாம். மெலிந்த உடம்பு, தள்ளினால் விழுந்துவிடுவார் என்று சொல்லப்பட்ட ஒருவர், 2007 ஜனவரி 31 அன்று லப்பக் நகரில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக 37 புள்ளிகளோடு 23 ரீபவுண்டுகளும் எடுத்தார். உடல்மோதலுக்கு அஞ்சுகிறவர் வளையத்தின் கீழே போய் 23 பந்துகளைக் கைப்பற்ற முடியாது. குறைகளும் இருந்தன. பிறருக்குப் பந்து கொடுத்துக் கூடை போடவைப்பதில் ஆட்டத்துக்கு 1.3 என்பது, பந்து அவ்வளவு நேரம் கையில் இருந்த ஒருவருக்கு மிகக் குறைவு. அவருடைய அணி தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றிலேயே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் (யூஎஸ்சி) 87-68 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் டுராண்ட் 30 புள்ளிகள் எடுத்தார் என்றாலும், ‘இறுதிவரை போனவர்’, ‘பாதியில் திரும்பியவர்’ என்ற பெயர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டன. ஒஹாயோ ஸ்டேட் அணியில் பந்தை நடத்தியவர், நான்காவதாகத் தேர்வாகவிருந்த மைக் கான்லி என்பதை அந்தப் பெயர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஓடன் களத்தில் இருந்தது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 29 நிமிடம். டுராண்டோ 36 நிமிடம். இருவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டுமானால் 40 நிமிடக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் ஓடனுக்குச் சுமார் 21.7 புள்ளி, 13.3 ரீபவுண்டு, 4.6 பிளாக்; டுராண்டுக்கு 28.7 புள்ளி, 12.4 ரீபவுண்டு, 2.1 பிளாக் வருகின்றன. பார்வைக்கு ஓடன் நெருங்கி வந்துவிடுகிறார். ஆனால் இந்தக் கணக்கு ஒரு சலுகையையும் சேர்த்தே தருகிறது. ஓடனின் நிமிடங்கள் குறைந்ததற்குப் பயிற்சியாளர் ஓய்வு கொடுத்தது மட்டும் காரணமல்ல; அவர் அடிக்கடி ஃபவுல் சிக்கலில் மாட்டினார். சேவியர் அணிக்கு எதிரான தேசியத் தொடர் ஆட்டத்தில், கல்லூரி வரம்பான ஐந்து ஃபவுல்களை எட்டி வெளியேறினார். ஜார்ஜ்டவுனுக்கு எதிரான அரையிறுதியிலும் நீண்ட நேரத்தை இருக்கையில் கழித்தார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று பெருக்கும்போது, அந்த நிமிடங்கள் கிடைக்காமல் போனதும் அவருடைய ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பதை மறந்துவிடுகிறோம்.

ஃப்ரீ த்ரோ விழுக்காட்டை நான் தனியாகப் பார்ப்பேன். யாரும் மறிக்காத, ஒரே தூரத்திலிருந்து எறியும் அந்தப் பந்து, ஒருவருடைய எறிதிறன் மேல்மட்டத்திலும் நிலைக்குமா என்பதைக் காட்டுவதில் மற்ற எண்களைவிட நம்பத்தக்கது. பதினெட்டு வயதில் 81.6 விழுக்காடு என்பது, அந்த உயரத்தில் மிக அரிது.

டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையில் 185 பவுண்டு எடையை டுராண்டால் ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. அது அப்போது பெரிய செய்தியாயிற்று. இன்றும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு இரும்பைத் தூக்கும் வேலை கூடைப்பந்தில் எந்த நொடியிலும் வருவதில்லை. அதே முகாமில் எடுத்த இன்னோர் அளவு யாருடைய கவனத்தையும் அவ்வளவாக ஈர்க்கவில்லை: காலணி இல்லாமல் ஆறடி ஒன்பது அங்குலம் இருந்த டுராண்டின் விரித்த கைகளின் அகலம், ஏழடி ஓடனுடையதற்குச் சமமாக, உண்மையில் ஒரு நூலிழை கூடுதலாகவே இருந்தது. எறிகிறவரின் கை அவ்வளவு நீளமாக இருந்தால் மறிக்கிறவர் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை அந்த அளவு எழுப்பியிருக்க வேண்டும்.

எனினும் போர்ட்லேண்டின் பொது மேலாளர் கெவின் பிரிச்சர்டின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வரலாறு ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. 1999 முதல் 2007 வரையான ஒன்பது கோப்பைகளில் நான்கு, நெடிய வீரரான டிம் டங்கனின் அணிக்கும், நான்கு, அதேபோல் நெடியவரான ஷாகில் ஓ’நீலின் அணிக்கும் போயிருந்தன. மீதமிருந்த ஒன்றை 2004-இல் டெட்ராய்ட் வென்றபோதும் அதன் நடுத்தூண் பென் வாலஸ் என்ற தடுப்பாளர்தான். வளையத்தைக் காக்கும் பெரிய ஆள் இல்லாமல் கோப்பை இல்லை என்பது அனுபவம் தந்த பாடமாகவே தெரிந்தது. அந்தப் பாடத்துக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டிருந்தது. 2004-05 பருவம் முதல், வெளியே பந்தோடு நகர்பவரைக் கையால் பிடித்து நிறுத்துவதற்கு எதிரான விதி கண்டிப்பாக அமல்படுத்தப்பட்டது. அதன் பலன் டுராண்டைப் போன்றவர்களுக்கே போகும் என்று ஊகித்திருக்கலாம். 2006-07 பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 17 மூன்று புள்ளி எறிதல்களையே முயன்றது. 2024-25 பருவத்தில் அது 37-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்தை அன்றே கண்டிருக்க வேண்டும் என்று யாரையும் கேட்பது நியாயமில்லை.

‘தேவைக்கு ஏற்ற ஆள்’ என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரண்டன் ராய், லமார்கஸ் ஆல்டிரிட்ஜ் ஆகிய இளைஞர்கள் இருந்த அணிக்கு நடுவில், வளையத்தடியில் நிற்கும் நெடிய ஆளான ஒரு சென்டர்தான் குறை என்றார்கள். டுராண்ட் ஆடக்கூடிய இடத்தில் அப்போது இருந்தவர்கள் மார்ட்டெல் வெப்ஸ்டரும் டிராவிஸ் அவுட்லாவும். அந்த இடமும் காலியென்றே சொல்லலாம். மேலும், ஜோர்டனின் இடத்தில் ஆட கிளைடு டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருக்கிறார், நமக்குத் தேவை உயரமான ஆள் என்று கணக்குப் போட்டு 1984-இல் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் பொவியை எடுத்தது இதே போர்ட்லேண்ட் அணிதான்.

பொவியின் பெயர் உடம்பு பற்றிய கேள்வியையும் இழுத்து வருகிறது. அவர் கால் எலும்புக் காயத்தால் கல்லூரியிலேயே இரண்டு பருவங்களை இழந்தவர். அதே அணிக்கு 1977-இல் கோப்பை வென்று தந்த பில் வால்டனை அவருடைய பாதங்கள் பாதியில் கைவிட்டன. 1983-இன் முதல் தேர்வான ரால்ஃப் சாம்ப்சனுக்கு முழங்கால். 2002-இன் முதல் தேர்வான யாவ் மிங்கும் 2007-க்குள் பலமுறை படுத்து எழுந்துவிட்டார். கரீம் அப்துல்-ஜப்பார் இருபது பருவம், ஹக்கீம் ஒலாஜுவன் பதினெட்டுப் பருவம் தாக்குப்பிடித்தார்கள் என்பதும் உண்மையே. ஆகவே ஏழடி மனிதர் என்றாலே உடைந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் தேறினால் மலை, தவறினால் ஒன்றுமில்லை என்ற வகையைச் சேர்ந்தவர் என்று சொல்லலாம். ஓடன் ஏற்கெனவே மணிக்கட்டு அறுவை சிகிச்சையோடு வந்திருந்தார். விந்தை என்னவென்றால், அப்போதைய பேச்சில் ‘உறுதியான தேர்வு’ என்று ஓடனும் ‘துணிச்சலான தேர்வு’ என்று டுராண்டும் அழைக்கப்பட்டார்கள். அந்த இரண்டு அடைமொழிகளும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பதே என் முக்கியமான குறை.

2007 செப்டம்பரில் ஓடனின் வலது முழங்காலில், தேய்ந்த குருத்தெலும்பின் அடியில் எலும்பில் நுண்துளைகள் இட்டுப் புதிய திசு வளரச்செய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமலே முதல் பருவம் போயிற்று. பிறகு இடது முழங்காலில் இரண்டு முறை அதே சிகிச்சை. மொத்தம் 105 என்பிஏ ஆட்டங்களோடு அவர் நின்றார். ஆனால் 2009-10 பருவத்தில் இடது முழங்கால் சில்லு உடையும் முன் ஆடிய 21 ஆட்டங்களைப் பாருங்கள்: 24 நிமிடத்துக்குள் 11.1 புள்ளிகள், 8.5 ரீபவுண்டுகள், 2.3 பிளாக்குகள், 60 விழுக்காட்டுக்கு மேல் எறிதல். ஆட்டத்திறன் பற்றிய மதிப்பீடு பிழையானதல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மூட்டு ஏமாற்றுவது உயரமானவர்களை மட்டுமல்ல என்பதற்கு, முழங்கால்களால் 2011-இல் ஓய்வை அறிவிக்க நேர்ந்த பிரண்டன் ராய் அதே அணியிலேயே இருந்தார்.

டுராண்டோ 2008-இல் சிறந்த புதுமுகம், நான்கு முறை அதிகப் புள்ளி எடுத்தவர், 2014-இல் மிக மதிப்புமிக்க வீரர், 2017-லும் 2018-லும் கோப்பை. ஆனால் இதை வைத்து சியாட்டிலின் மதிப்பீட்டாளர்களை மெச்சுவதற்கு ஒன்றுமில்லை. போர்ட்லேண்ட் விட்டுவைத்தவரை எடுத்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலையாக இருந்தது. அன்றிரவு அவர்களுடைய இளம் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி எடுத்த உண்மையான முடிவு வேறு: புள்ளிகள் குவித்துக்கொண்டிருந்த ரே ஆலனை பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டு, பதினெட்டு வயதுப் பையனுக்கு முதல் நாளிலிருந்தே பந்தைக் கொடுத்தது.