ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு ஒரு ஆன்லைன் சிந்தனை வகுப்பு: எட்டு வாரம் கூட இருந்து பார்த்தது

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளை ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாவது. முழுப் பரீட்சை லீவில் தொடங்கி, சனி ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வீதம் எட்டு வாரம், விமர்சனச் சிந்தனைக்கென்றே நடந்த வகுப்பு. கட்டணம் 2,400 ரூபாய். ஜூமில், முழுக்கத் தமிழில். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற இயற்பியல் டீச்சர். குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயரை விட்டுவிடுகிறேன்.

போன வருடம் ஒரு பெரிய செயலிக்குப் பணம் கட்டியிருந்தோம். வீடியோ முடிந்ததும் நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், தப்பானால் அடுத்ததைத் தொடலாம், எப்படியும் கடைசியில் கைதட்டல் வந்துவிடும். மகள் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஏன் அந்த விடை என்று கேட்டால் மட்டும் முழிப்பாள். எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வகுப்பில் முதல் நாளே ஒன்று பிடித்துப்போனது. டீச்சர் ஒரு கேள்வி கேட்பார், எல்லோரும் சாட்டில் பதிலை அடித்து வைக்க வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. இரண்டு நிமிடம் கழித்து “இப்ப விடுங்க” என்பார், பதில்கள் மடமடவென்று ஒன்றாக வந்து விழும். முதலில் கை தூக்குகிற பிள்ளையின் பதிலைப் பார்த்து மற்றவர்கள் “ஆமா மிஸ்” போடுகிற வேலையே அங்கே இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதையே மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது. ஆன்லைனில் அந்த அமைதி இன்னும் கனமாக இருக்கும், நடத்துகிறவர் பயந்துபோய்ப் பேசத் தொடங்கிவிடுவார். இந்த டீச்சர் பேசாமல் இருந்தார்.

மூன்றாவது வாரம் கொடுத்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘ஆத்தங்குடிக் கல் (பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரைக்கல்) பதித்த வீடு குளுகுளுவென்று இருக்கும்’. நம் ஊரில் இதைச் சொல்லாதவர் உண்டா? நோட்டில் மூன்று கட்டம் போட்டு, நான் பார்த்தது, நான் கேள்விப்பட்டது, நான் ஊகிப்பது என்று பிரித்து எழுதச் சொன்னார். மகளின் நோட்டில் முதல் கட்டம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்து அவளே அதிர்ந்துபோனாள், பிறந்ததிலிருந்து அந்தத் தரையில்தான் நடக்கிறாள்.

அப்புறம் கம்பி நுனி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு முகப்பில் உட்கார்ந்தோம். ஊஞ்சல் பலகையில் 31.2, தரையில் 30.4. ஒரு டிகிரி கூட வித்தியாசம் இல்லை, ஆனால் உள்ளங்கையை வைத்தால் தேக்குப் பலகை சும்மா இருக்கிறது, தரை ஜில்லென்று இருக்கிறது. அப்படியானால் கை எதை அளக்கிறது? ஞாயிறு முழுக்க அதே பேச்சு. நம் உடம்புச் சூட்டை மரம் மெதுவாக வாங்குகிறது, கல் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, கைக்குத் தெரிவது அந்த வேகம் என்று பிள்ளைகளே பேசிப் பேசி வந்து சேர்ந்தார்கள். தேவகோட்டைப் பையன் ஒருவன், “அது சூளையில சுடாத சிமெண்ட் கல்லுதான மிஸ், கண்ணாடி மேல கலர் ஊத்தி அச்சுல வார்க்கிறாங்க, அப்ப எங்க வீட்டு சாதா சிமெண்ட் தரையும் அப்படித்தான இருக்கணும்?” என்று கேட்டான். டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அளந்துவிட்டு வரச் சொன்னார்.

மகள் என் மாமியாரிடமும் போய் நின்றாள். “அப்பத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” பெரியவர்களை எதிர்த்துக் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பதைப்பு. மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஏத்தா, வளவுல வெயில் விழுகிற ஓரத்தில கால வச்சுப் பாரு, சுடும். கல்லு மட்டும் குளுமைன்னா அங்கயும் குளுமையாத்தான இருக்கணும்” என்றார். நிழலும் உயரமான கூரையும் முற்றமும் சேர்ந்துதான் வீடு குளுமை என்று இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள்.

சாட்ஜிபிடிக்குத் தடை இல்லை. ஆனால் அது தந்த பதிலில் எந்த வரியை எப்படிச் சரிபார்த்தாய் என்று எழுத வேண்டும். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி எப்போது தொடங்கியது என்று தேடியபோது ஒரு இடத்தில் 1948, இன்னொரு இடத்தில் 1953. முதலில் ஒன்று தப்பு என்றுதான் முடிவுகட்டினாள். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டியது, 1953 ஜனவரியில் திறப்பு விழா, இரண்டுமே சரி, ‘தொடங்கியது’ என்ற சொல்தான் தெளிவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

இனி குறைகள். 14 பிள்ளைகளோடு தொடங்கியது, நான்காவது வாரம் 26 ஆகிவிட்டது, அதற்குப் பிறகு என் மகளுக்குப் பேச முறை வருவதே அபூர்வம். எழுதி அனுப்புவதற்கு ஆரம்பத்தில் நாலு வரி பதில் வரும், கடைசி வாரங்களில் வெறும் ‘நன்று’. ஏன் நன்று என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இடத்திலேயே இப்படி வந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம், டீச்சரிடம் சொன்னேன், அடுத்த முறை 15 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்றிருக்கிறார். கரண்ட் போய் விட்டுப்போன வகுப்புக்குப் பதிவும் கிடைக்கவில்லை.

மார்க் கூடும் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள், பாடப் புத்தகத்தை அவர்கள் தொடுவதே இல்லை. சும்மாவே ஏன், எதற்கு என்று குடைகிற பிள்ளை என்றாலும் சரி, சொன்னதை அப்படியே எழுதிவிட்டு வருகிற பிள்ளை என்றாலும் சரி, ஏழாவதுக்கு மேல் இருந்தால் சேர்க்கலாம். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க முடிந்தால் நல்லது. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்பதை எப்படிச் சோதிப்பது என்று இப்போது ஒரு நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பழைய கொத்தனார் ஒருவரைப் பார்க்க வரும் ஞாயிறு கானாடுகாத்தான் போகிறோம்.