துள்ளுகிற மஸ்கிக்கு 9 அடி செட் தாங்குமா? ஒரு மதிப்பீடு

பைக், மஸ்கி என்ற நன்னீர் வேட்டை மீன்கள் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் தூண்டில் முள் ஏறியதும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பெரிய பைக் பெரும்பாலும் அடியிலேயே கிடந்து இழுக்கும், படகுக்கு அருகில் வந்ததும் உருளும். மஸ்கி வாயைப் பிளந்து, செவுளை விரித்து, தலையை இடமும் வலமும் உதறிக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும். வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியோ மில் லாக்ஸ் ஏரியோ, நல்ல மீன் கைநழுவ அந்த இரண்டு வினாடி போதும்.

இங்கே பார்க்கப்போவது மஸ்கி பிடிப்பவர்கள் இன்று பரவலாக வாங்கும் செட்: 9 அடி ஹெவி ராடு (தூண்டில் கம்பு), 400 அளவு லோ புரொஃபைல் ரீல் (நூல் சுற்றும் கருவி), 80 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), 130 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் லீடர் (நூலின் நுனியில் கட்டும் தடித்த துண்டு). இந்தச் செட்டில் நூல் அறுவது பெரிய கவலையில்லை. மீன்பிடி சாதனைகளைப் பதிவுசெய்யும் சர்வதேச அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ. ஏற்றிருக்கும் மஸ்கி சாதனையே 67 பவுண்டு 8 அவுன்ஸ். 1949-ல் விஸ்கான்சினின் லக் கூர்ட் ஓரேய் ஏரியில் பிடிபட்டது. கவலையெல்லாம் முள் கழல்வதைப் பற்றித்தான்.

தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீரே தாங்குகிறது, தலையை உதறினாலும் தண்ணீர் தடுக்கிறது. மேலே எழும்பிய நொடியில் அந்தத் தடை போய்விடும். உதறலின் வேகம் கூடும், வாயோரம் தொங்கும் 6 அவுன்ஸ் லூர் (செயற்கை இரை) சுத்தியல் மாதிரி வீசியடிக்கும், அந்த வீச்சில் முள் இருக்கும் ஓட்டை பெரிதாகும். அதே நேரத்தில் நூல் ஒரு கணம் தொய்ந்தால் முள் தானாகவே விழுந்துவிடும். பழைய நைலான் நரம்பு ரப்பர் போலக் கொஞ்சம் நீண்டு சுருங்கும் என்பதால் சின்னத் தொய்வை அதுவே சமாளிக்கும். பிரெய்டு நீளாது. ஆகவே இந்தச் செட்டில் ஸ்பிரிங் என்று இருப்பது ராடு ஒன்றுதான்.

அதனால்தான் காசை ராடில் போடுங்கள் என்கிறோம். 7 அடி விறைப்பு ராடு முள்ளை நன்றாக ஏற்றும். ஆனால் மீன் எழும்பும்போது வளைந்து நிமிர அதற்கு நீளம் போதாது. 9 அடியில், நுனி மூன்றில் ஒரு பங்கு இளக்கமாகவும் அடிப்பகுதி தடிப்பாகவும் இருப்பதே சரியான தேர்வு. கடையிலேயே சோதிக்கலாம்: நுனியை ஒருவர் பிடித்துக் கீழே இழுக்கட்டும், வளைவு நடுக்கம்பு வரை சீராக இறங்க வேண்டும். நுனியில் மட்டும் மடிந்து நின்றால் அது இந்த வேலைக்கு ஆகாது. 9 அடியின் இன்னொரு லாபம், படகோரம் எட்டு போடும்போது, அதாவது லூரைத் தண்ணீரில் 8 வடிவில் சுழற்றும்போது, வளைவு அகலமாகக் கிடைக்கும். குறை என்றால் எடை. நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு வலிக்கும், அடிப்பிடி குட்டையான மாடலில் அது இன்னும் மோசம்.

பிடிக்கும் முறை தவறானால் எந்த ராடும் காப்பாற்றாது. ராடைத் தலைக்கு மேல் தூக்கினால் மீனின் தலையும் மேலே வரும். அதைத் துள்ளச் சொல்வதே நாம்தான். நூல் மேல்நோக்கிச் சரிவதைப் பார்த்ததும் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே ரீலைச் சுற்ற வேண்டும். டார்பன் என்ற கடல் மீன் துள்ளும்போது ராடை அதன் பக்கம் தாழ்த்தி நூலைத் தளர்த்துவார்களே, அதை இங்கே செய்யாதீர்கள். அங்கே நூல் அறுந்துவிடும் என்ற பயம். இங்கே தளர்ந்தால் லூர் ஆடும், முள் கழலும்.

ரீலில் பார்க்க வேண்டியது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியேறும் என்ற பிடிப்பு. மஸ்கியின் வாய் எலும்பு, முள் ஏறக் கடுமையான இறுக்கம் தேவை. ஆனால் எட்டு போடும்போது கடித்த மீனுக்கும் ராடு நுனிக்கும் நடுவே லீடரும் ஒரு முழம் நூலும்தான் இருக்கும். இறுக்கிய டிராக்கோடு அது துள்ளினால் முள் கிழித்துக்கொண்டு வரும். முள் ஏறியதும் கிளட்சைத் திறந்து ஸ்பூலை (நூல் சுற்றிய உருளையை) கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதே பழக்கப்பட்டவர்கள் செய்வது. எனவே ஈரக் கையிலும் கட்டைவிரலுக்குச் சட்டென்று எட்டும் திறப்புப் பட்டை உள்ள ரீலே நல்லது.

லூரில் எங்கள் ஓட்டு, கடிபட்டதும் முள்ளை விட்டு லீடரில் மேலே நழுவிப்போகும் வகைக்கு. சாவேஜ் கியரின் லைன் த்ரூ டிரவுட் அப்படித்தான் வேலை செய்கிறது. மீன் வாயில் முள் மட்டும் இருக்கும், வீசியடிக்க எடை இல்லை. மூன்று டிரெபிள் (மூன்று கொக்கி கொண்ட முள்) தொங்கும் கனமான மர லூரில் இதற்கு நேர்மாறு: ஒரு முள் தாடையில், இன்னொன்று வெளியே எதிலாவது மாட்டி, ஒன்றையொன்று நெம்பும்.

லீடர் 12 அங்குலம் வீசுவதற்குப் போதும், ஆனால் உருளும் பைக்குக்குக் குட்டை. நூல் உடம்பில் சுற்றினால் செவுள் மூடியின் ஓரம் பிரெய்டை உரசும். 18 முதல் 24 அங்குலம் வாங்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கம்பி எஃகு லீடர் ஒரு துள்ளலில் மடங்கினாலும் அப்படியே தூக்கிப் போடுங்கள், அடுத்த மீனில் அந்த மடிப்பில்தான் ஒடியும்.

செட்டோடு வராத இரண்டு பொருள் கட்டாயம் வேண்டும். ரப்பர் பூசிய, அடி அகன்ற பெரிய வலை. மீன் தண்ணீருக்குள்ளேயே நிமிர்ந்து கிடக்கும் ஆழம் இருக்க வேண்டும். அடுத்தது நைபெக்ஸ் கோபோல்ட் வெட்டி, 200 மில்லிமீட்டர் அளவு. முள்ளைத் திருகிப் பிடுங்கிக்கொண்டிருக்காமல் தண்டிலேயே நறுக்கிவிடலாம். துள்ளித் துள்ளிக் களைத்த மீனுக்கு அந்த அரை நிமிடம் பெரிது. தண்ணீர் 27 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்களில் அதுகூடப் போதாது, செட்டை எடுக்காமல் விடுங்கள்.