ஈறு நோய்த் தடுப்பு: பிரஷ், பல்லிடை நூல், கொப்புளிப்பு மருந்து, உணவு – எதற்கு முதலிடம்?

ஈறு நோயைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்கள் ஏராளம். அவற்றோடு உணவு பற்றிய அறிவுரைகளும் சேர்ந்துகொள்ளும்போது, நேரமும் பணமும் அளவாகவே உள்ள ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று திகைப்பது இயல்பே. எனவே இங்கே இரண்டே கேள்விகளை அளவுகோலாக வைத்து அவற்றை எடைபோடுகிறேன். ஈறு விளிம்பிலும் பற்களின் இடுக்கிலும் ஒட்டும் கிருமிப் படலத்தை ஒரு வழிமுறை எந்த அளவுக்கு அகற்றுகிறது? அகற்றாவிட்டால், படலம் இருந்தும் ஈறுகள் வீங்காமல் காக்க அதனால் முடிகிறதா?

இந்தக் கேள்விகளுக்கு அடித்தளமாக இருப்பவை இரண்டு பழைய ஆய்வுகள். பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி, அதாவது ஈறுகள் சிவந்து வீங்கும் நிலை, தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. அதே லோ, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 தொடங்கி 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறழற்சி இருந்தது. ஆயினும் பல்லைப் பற்றியிருக்கும் திசுவின் அழிவு சுமார் 8 சதவீதத்தினருக்கு வேகமாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் நடந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. நோயைத் தொடங்கிவைப்பது படலம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதில் அவரவர் உடலுக்கும் பங்கு உண்டு.

கை பிரஷ்ஷா, மின் பிரஷ்ஷா?

அதிகம் விவாதிக்கப்படும் போட்டி இதுதான். ஆனால் வேறுபாடு எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிதல்ல. 56 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வின்படி, முதல் மூன்று மாதங்களில் மின் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் படலம் 11 சதவீதமும் ஈறழற்சி 6 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தன. மூன்று மாதங்களுக்குப் பிறகு அந்த அளவுகள் முறையே 21 மற்றும் 11 சதவீதமாயின. இது உண்மையான பலன்தான். மூட்டு வலியாலோ நடுக்கத்தாலோ கையை நுட்பமாக அசைக்க முடியாதவர்களுக்கும், அவசரமாகத் துலக்கிவிட்டு ஓடுகிறவர்களுக்கும், அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் வசதி தேவைப்படுகிறவர்களுக்கும் மின் பிரஷ்ஷைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பொறுமையாக இரண்டு நிமிடம் துலக்கும் ஒருவரிடம் மென்மையான இழைகள் கொண்ட சாதாரண பிரஷ் இருந்தாலே போதும். முக்கியம் பிரஷ்ஷைப் பிடிக்கும் விதம். இழைகளின் நுனி பல்லின் நடுப்பகுதியில் அல்லாமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டில், சுமார் 45 பாகை சாய்வாக ஈறை நோக்கி இருக்க வேண்டும். அங்கிருந்து மிகச் சிறிய அதிர்வாக அசைக்க வேண்டும். கடினமான இழைகளை வைத்து அழுத்தித் தேய்ப்பது ஈறுகளைக் கீழிறக்கி, வேரை வெளியே தெரியச் செய்துவிடும்.

பற்களின் இடுக்கு: உண்மையான போட்டி இங்கேதான்

எந்த பிரஷ்ஷாக இருந்தாலும், இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பக்கவாட்டுப் பரப்பை அதன் இழைகள் முழுமையாக எட்டுவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் வேர்பிடிக்கிறது. விலை கூடிய பிரஷ்ஷை வாங்கிவிட்டு இடுக்கை அப்படியே விட்டுவிடுகிறவரைக் காட்டிலும், சாதாரண பிரஷ்ஷோடு இடுக்கையும் தினம் ஒருமுறை சுத்தம் செய்கிறவரின் ஈறுகள் நன்றாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே மூன்று கருவிகள் போட்டியிடுகின்றன: பல்லிடை நூல், பல்லிடை பிரஷ், நீர்ப்பீய்ச்சி. 35 ஆய்வுகளை அலசிய 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, வெறும் பல் துலக்கலோடு நூலையோ பல்லிடை பிரஷ்ஷையோ சேர்த்தால் ஈறழற்சி மேலும் குறையலாம் என்றும், நூலைவிடப் பல்லிடை பிரஷ் கூடுதல் பலன் தரலாம் என்றும் சொன்னது. 'குறையலாம்' என்ற தயக்கத்துக்குக் காரணம், அந்த ஆய்வுகளில் பல சிறியவை, குறுகிய காலத்தவை என்பதே. ஆனாலும் பல்லிடை பிரஷ் முந்துவதற்கான காரணம் பல்லின் வடிவத்திலேயே இருக்கிறது. கடைவாய்ப் பற்களின் வேர்ப் பக்கத்தில் மெல்லிய குழிவுகள் உண்டு. இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழிவைத் தொடாமல் அதன் இரு கரைகளின் மேலேயே கடந்துபோகும், சின்ன பிரஷ்ஷின் இழைகளோ குழிவுக்குள் விரிந்து துடைக்கும். ஈறு சற்று இறங்கி இடைவெளி தெரியும் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அளவுதான் கவனத்துக்குரியது: நடுக்கம்பி பல்லில் உரசாமலும், இழைகள் இரு பக்கமும் மெல்லத் தொட்டுக்கொண்டும் நுழைய வேண்டும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படுவது சகஜம்; முதன்முறை அளவைப் பல் மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

நெருக்கமாக அடுக்கிய இளவயதுப் பற்களுக்குள் பிரஷ்ஷைத் திணித்தால் ஈறு காயப்படும். அங்கே நூலுக்கே முதலிடம். ஆனால் நூலை மேலும் கீழும் இழுத்து, சிக்கிய உணவுத் துணுக்கை எடுத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நூலை ஒரு பல்லின் பக்கவாட்டை அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் ஓரத்துக்குச் சற்றுக் கீழே வரை மெதுவாக இறக்கி, அங்கிருந்து மேல்நோக்கி வழித்தெடுக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லின் பக்கத்துக்கும் அப்படியே செய்ய வேண்டும். தொடக்கத்தில் ரத்தம் கசிந்தால் பலர் பயந்து கைவிட்டுவிடுகிறார்கள். அழன்ற ஈறுதான் எளிதில் கசியும்; விடாமல் செய்துவந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீர்ப்பீய்ச்சி ஈறுகளின் கசிவைக் குறைக்கிறது. பற்களுக்குக் கம்பி கட்டியவர்களுக்கும் செயற்கைப் பல் பொருத்தியவர்களுக்கும் அது பெரும் உதவி. பல்லில் ஒட்டிய படலத்தை உரசி எடுக்கும் வேலைக்கு மட்டும் பல்லிடை பிரஷ்ஷுக்கு இணையாக அதை நம்ப மாட்டேன்.

கொப்புளிப்பு மருந்துகள்

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மருந்து இவற்றில் வலிமை மிக்கது. துலக்குவதோடு சேர்த்து நான்கு முதல் ஆறு வாரங்கள் பயன்படுத்தினால் படலமும் லேசான ஈறழற்சியும் குறைவதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் நீடித்துப் பயன்படுத்தினால் பற்களிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியும், சுவை மாறும், பல்லில் இறுகிப் படியும் காரை கூடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு துலக்க முடியாத நாள்களுக்கு மருத்துவர் சொல்லும் காலம் வரை மட்டுமே பயன்படுத்த வேண்டிய மருந்து அது. நறுமண எண்ணெய்கள் கலந்த வகை அன்றாடத்துக்கு ஏற்றது, பலன் மிதமானது. உப்பு நீர் புண்பட்ட வாய்க்கு இதம் தரும், படலத்தை அகற்றாது. எந்த வகையும் ஈறுக்குக் கீழே உருவான ஆழமான பைக்குள் போய்ச் சேர்வதில்லை.

சுத்தத்துக்கு உணவு மாற்றாகுமா?

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். சுவிட்சர்லாந்தில் 10 பேர் நான்கு வாரங்கள் கற்கால மனிதரைப் போல, சுத்திகரித்த சர்க்கரையும் பிரஷ்ஷும் இல்லாமல் வாழ்ந்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவில், எதிர்பார்த்தபடி படலம் கூடியிருந்தது. ஆனால் பல் மருத்துவரின் மெல்லிய அளவுகோலால் ஈறைத் தொட்டபோது ரத்தம் கசிந்த இடங்கள் சுமார் 35 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்குக் குறைந்திருந்தன. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 2016-இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், சர்க்கரையையும் சுத்திகரித்த மாவுப் பொருள்களையும் குறைத்து, நார்ச்சத்து, வைட்டமின் சி, வைட்டமின் டி, ஒமேகா-3 கொழுப்பு ஆகியவற்றைக் கூட்டியவர்களிடம், படலம் பெரிதாக மாறாமலேயே ஈறழற்சி ஏறத்தாழ பாதியானது.

இதைப் படித்துவிட்டு, உணவைச் சரிசெய்தால் பிரஷ் வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டும் சில பேரிடம், சில வாரங்கள் மட்டும் நடந்தவை. அகற்றாத படலம் உமிழ்நீரின் தாதுக்களால் இறுகிக் காரையாகிவிட்டால், பிறகு எந்த உணவாலும் எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. இருப்பினும் உணவின் பங்கு மெய்யானது: ஈறைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக வைட்டமின் சி அவசியம், அது அறவே குறைந்தால் ஸ்கர்வி வந்து ஈறுகள் வீங்கிக் குருதி வடியும். பழங்களும் காய்கறிகளும் போதுமான அளவு உண்பவர்களுக்கு மாத்திரை தேவையில்லை. நாளின் மொத்தக் கலோரிகளில் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் அதையொத்த இனிப்புகளும் 10 சதவீதத்துக்குள்ளும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றினால் சொத்தைப் பல்லும் குறையும்.

உணவைவிடப் பெரிய பாதிப்பு புகையிலிருந்தும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயிலிருந்தும் வருகிறது. ஈறு நோயின் வேகத்தை மதிப்பிட 2018-இல் வெளியான சர்வதேச வகைப்பாடு, நாளுக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் புகைப்பதையும், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளவு 7 சதவீதத்தை எட்டுவதையும் நோய் வேகமாக முற்றுவதற்கான காரணிகளாகக் கொள்கிறது. புகைபிடிப்பவரின் ஈறுகளில் ரத்தக் கசிவும் மங்கிவிடுவதால், கசியவில்லையே என்று அவர் நிம்மதி கொள்ள இடமில்லை. பல் மருத்துவர் நுனி மழுங்கிய மெல்லிய அளவுகோலால் ஈறு இடுக்கின் ஆழத்தைப் பார்க்கிறார். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக இயல்பு, 4-க்கு மேல் போனால், வீட்டில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், வேரின் மேல் படிந்த காரையைக் கருவி கொண்டு எடுக்கும் சிகிச்சை தேவைப்படும்.