மத்தியதரைக்கடல் கப்பல் பயணம்: கப்பலுக்கு நாலு ஸ்டார், டூர் கவுண்டருக்கு ரெண்டு

கப்பலில் நீச்சல் குளம் எத்தனை, பஃபேயில் எத்தனை வகை இனிப்பு என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது ஊர் பார்க்க. ஆகவே இந்த விமர்சனமும் அதைப் பற்றித்தான். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், லிவோர்னோ, சிவித்தாவெக்கியா, நேப்பிள்ஸ் தொட்டு, திரும்ப பார்சிலோனாவிலேயே இறங்கும் ஒரு வாரக் கப்பல். அக்டோபர் மாதம். நான், மனைவி, அக்கா மூவர். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வலது முட்டி தகராறு, சுத்த சைவம். நான் திருச்சி கோட்டத்தில் ரயில்வே கண்ட்ரோலராக இருந்து ரிட்டையர் ஆனவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டயம் டேபிளைத்தான் பார்ப்பேன். மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு.

கப்பல் கம்பெனியின் புத்தகத்தில் "ரோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கப்பல் ரோமுக்குப் போகாது. சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு இதுதான் சென்னை என்கிற கதை. "ஃப்ளாரன்ஸ்" என்று போட்டிருப்பது லிவோர்னோ. அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். கப்பலின் டூர் கவுண்டரில் விற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான். நேப்பிள்ஸில் இடைவெளியே கிடையாது. கப்பலை விட்டு இறங்கினால் எதிரே கோட்டை, ஊர். எனவே எல்லா ஊருக்கும் கப்பல் டூர், அல்லது எல்லா ஊருக்கும் சொந்த ஏற்பாடு என்று முடிவு கட்டாமல், துறைமுகம் துறைமுகமாகப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கிழமை. கேபின் விலையைப் பார்த்துத் தேதி குறிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. ஃப்ளாரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடம் திங்கள் மூடல். நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாய் மூடல். பார்சிலோனாவின் பொக்கேரியா சந்தை ஞாயிறு மூடல். வியாழன் கிளம்பும் எங்கள் கப்பல் சனி லிவோர்னோ, ஞாயிறு ரோம், திங்கள் நேப்பிள்ஸ். வாடிகன் அருங்காட்சியகம் போச்சு, நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் கிடைத்தது. இதே சுற்று வெள்ளி கிளம்பினால் வாடிகன் கிடைக்கும், நேப்பிள்ஸ் போய்விடும். எது வேண்டும் என்று பார்த்துத் தேதி எடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம், கொலோசியம் உட்பட. இலவசம் என்றால் க்யூ எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.

கப்பல் கிளம்புகிற அன்று காலையில்தான் பார்சிலோனாவில் வந்து இறங்குவேன் என்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். விமானம் லேட்டானால் கப்பல் நிற்காது. நாங்கள் சில நாள் முன்பே போய், பாரலெல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் தங்கினோம். அந்த ஸ்டேஷனைத் தேடி எடுத்தது வீண் போகவில்லை. எல்2 லைனில் ஏறினால் மாறாமல் சக்ராதா ஃபமிலியா தேவாலயம். எல்3 லைனில் ஒரே ஸ்டாப்பில் துறைமுகப் பக்கம். மோன்ஜுயிக் குன்றுக்கு ஏறும் ஃபூனிகுலர் ரயிலும் அங்கிருந்தே. ஓலா பார்சிலோனா என்ற பயண அட்டை 48, 72, 96, 120 மணி நேரத்துக்குக் கிடைக்கிறது; விமான நிலைய மெட்ரோவும் அதில் அடக்கம். விலை குறைவு என்று டி-காசுவல் என்ற பத்துப் பயண டிக்கெட் வாங்குபவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பத்துப் பயணமும் ஒரே ஆளுக்குத்தான், கைமாற்றக் கூடாது, விமான நிலைய மெட்ரோவில் செல்லாது.

சக்ராதா ஃபமிலியாவுக்கு டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான், நேரம் குறித்து. 1882-ல் தொடங்கிய கட்டடம். அதை வடிவமைத்த கௌடி 1926-ல் டிராம் மோதி இறந்துபோனார். வேலை நாங்கள் போனபோதும் நடந்துகொண்டுதான் இருந்தது. எந்த நேரத்து ஸ்லாட் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வெயில் உள்ள நாளில் மாலை. கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கத்தவை சிவப்பும் ஆரஞ்சும். நாங்கள் நாலரை மணிக்கு உள்ளே போனோம். ஐந்து மணிக்கு மேல் மேற்கு வெளிச்சம் தரையில் இறங்கி, தூணில் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவின் சந்தன நிறப் புடவையைக் காவி ஆக்கிவிட்டது. "நான் வரலை, நீங்க வெளிய போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இந்தக் கோயில் ஒன்றுக்கே பார்சிலோனாவில் முன்கூட்டித் தங்கலாம்.

குவெல் பூங்கா பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணமில்லை. ஏற்றம், கூட்டம், அதற்கும் நேர டிக்கெட். போயே தீர வேண்டும் என்றால் வல்கார்கா ஸ்டேஷனில் இறங்குங்கள். அந்தப் பக்கத் தெருவில் வெட்டவெளியிலேயே எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பெட்டியோடு மூன்று பேர் என்றால் டாக்ஸிதான் சரி. மீட்டருக்கு மேல் கப்பல் முனையத்துக்கான கூடுதல் கட்டணம் உண்டு. அது ஏமாற்று வேலை இல்லை, சட்டப்படியானது.

மார்செயில் கப்பல் நிற்கும் இடம் பழைய துறைமுகத்திலிருந்து வெகு தூரம். கப்பல்காரர்கள் காசுக்கு ஒரு பஸ் விற்றார்கள். துறைமுகமே ஜோலியெத் வரை விடும் இலவச பஸ் இருக்கும்போது அது எதற்கு? ஜோலியெத்திலிருந்து மெதுவாக நடந்தால் பெரிய தேவாலயம், கடலோரம் மூசெம் அருங்காட்சியகம், அப்புறம் பழைய துறைமுகம். அங்கிருந்து 60-ஆம் நம்பர் பஸ் குன்றின் மேலிருக்கும் நோத்ர்தாம் த லா கார்த் தேவாலய வாசலிலேயே விடும். ஒரு நாளுக்கு இது போதும்.

லிவோர்னோவில் எங்கள் சாப்பாட்டு மேஜைக்காரர்கள் எல்லாரும் கப்பல் பஸ்ஸில் ஃப்ளாரன்ஸ் போனார்கள். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ். இருக்கிற மிச்ச நேரத்தில் உஃபிஸியும் பார்க்க முடியாது, டேவிட் சிலையையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஃப்ளாரன்ஸுக்குத் தனியாக விசா எடுத்து இன்னொரு தடவை வந்தால்கூடத் தப்பில்லை என்பது என் கட்சி. நாங்கள் ரயிலில் கால் மணி நேரத்தில் பீசா போனோம், அங்கிருந்து அரை மணியில் லூக்கா. பீசா கோபுரம் கட்டத் தொடங்கியது 1173-ல். சாய்வு மிஞ்சிப்போய் 1990-ல் மூடி, கொஞ்சம் நிமிர்த்தி, 2001-ல்தான் மறுபடி திறந்தார்கள். பீசா சென்ட்ராலில் இறங்கி நடப்பதைவிட சான் ரொஸ்ஸோரே என்ற சின்ன ஸ்டேஷன் கோபுரத்துக்குப் பக்கம். லூக்காவில் ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் கோட்டை மதில். மேலே மரங்களோடு அகலமான சமதளப் பாதை. முட்டி வலிக்காரர்களுக்கு இத்தாலியில் இதைவிட நல்ல நடை கிடையாது. பீசாவில் ஒரு பீட்ஸா கடையில் சேச்சினா சாப்பிட்டோம்: கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அக்கா தீர்ப்பு: "பெருங்காயம் போட மறந்துட்டான்."

இப்போது ரோம். கப்பல் பஸ் கட்டணத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்த பிறகு ரயில்தான் என்று முடிவாயிற்று. கப்பல் வாசலிலிருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடம் வரை இலவச பஸ். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வேறு பஸ், கொஞ்சம் காசு. ஸ்டேஷனில் பிர்க் என்று கேளுங்கள். நாள் முழுக்கச் செல்லும் பிராந்திய டிக்கெட். நாங்கள் போனபோது 12 யூரோ. ரோமுக்குப் போக வர ரயில், ரோமுக்குள் மெட்ரோ, பஸ் எல்லாம் இதிலேயே. காகித டிக்கெட்டை ஏறுமுன் மெஷினில் விட்டு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அபராதம்.

எல்லாரும் ரோமின் பெரிய ஸ்டேஷனான தெர்மினி வரை போவார்கள். தேவையில்லை. ஒஸ்தியென்ஸே ஸ்டேஷனில் இறங்கினால் சுரங்கப்பாதை வழியே பிரமிதே மெட்ரோ. அங்கிருந்து இரண்டாவது ஸ்டாப் கொலோசியம். வெளியே ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தால் கிறிஸ்து பிறப்பதற்கு முன் கட்டிய செஸ்தியஸின் பிரமிடு, கைக்கெட்டும் தூரத்தில். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஞாயிறுகளில் எதிரே உள்ள ஃபோரி இம்பெரியாலி சாலையில் கார் விடுவதில்லை. அக்கா நடு ரோட்டில் ராஜநடை போட்டார். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவெங்கும் நசோனி என்ற இரும்புக் குழாய்கள், ஊர் முழுக்க இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம், நல்ல குளிர்ந்த தண்ணீர்.

வாடிகனின் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு மத்தியானத்துக்கு மேல் போனோம். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு போப் ஜன்னலில் நின்று ஆசி தருவார், அந்தக் கூட்டம் கலைய வேண்டும். உள்ளே கட்டணமில்லை, செக்யூரிட்டி க்யூதான் நீளம். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கு ஒரு கேள்வியும் இல்லை. எங்களுக்கு முன்னால் அரை டவுசரில் வந்த இரண்டு பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்ப ரயில் ஏறியது சான் பியேத்ரோ ஸ்டேஷனில், தேவாலயத்திலிருந்து நடக்கிற தூரம்.

நாம் ஏறுகிற ரயிலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ரயில் இருக்க வேண்டும், அந்தக் கடைசி ரயிலில் வந்தாலும் கப்பலைப் பிடிக்க வேண்டும். இது என் கணக்கு. "என்னங்க, இன்னும் அரை மணி இருக்கலாமே" என்று மனைவி கெஞ்சினாள். அசையவில்லை. கப்பலின் சொந்த டூர் பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். நாம் லேட்டானால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும். டூர் கவுண்டரின் உண்மையான சரக்கு அந்த ஒரு உத்தரவாதம்தான். அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று, இத்தாலியில் ரயில் ஸ்ட்ரைக்கை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாளில் ஸ்ட்ரைக் என்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 கட்டாயம் வண்டி ஓடும். ஞாயிறுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஸ்ட்ரைக் அறிவித்திருந்தால் யோசிக்காமல் கப்பல் டூரையே வாங்குங்கள்.

நேப்பிள்ஸில்தான் கப்பல் டூர் ஒன்று எடுத்தோம், அக்கா முட்டிக்காக. எரிமலையில் புதைந்த பழைய ஊரான பாம்பெய்க்குப் போகும் சர்க்கும்வெசுவியானா ரயிலில் உட்கார இடம் நிச்சயமில்லை. பஸ் சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் போகும் வழியில் ஒரு பவளக் கடையில் இறக்கி, சங்கில் உருவம் செதுக்குவதை ஐந்து நிமிஷம் காட்டி, மிச்ச நேரமெல்லாம் கவுண்டரில் நிற்க வைத்தார்கள். பாம்பெய் பார்க்க இருந்த நேரத்தில் அவ்வளவும் குறைந்துபோனது. வழிகாட்டி குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, கருங்கல் பாவிய மேடு பள்ளத் தெருவில் அக்கா பின்தங்க, "தம்பி, எரிமலை வர்றதுக்குள்ள போயிடணுமோ?" என்றார். ரெண்டு ஸ்டார் அதற்குத்தான். இன்னொன்று, பாம்பெயில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பரிலிருந்து வரம்பு வைத்திருக்கிறார்கள். சொந்தமாகப் போகிறவர்கள் பெயர் போட்டு டிக்கெட்டை முன்கூட்டி வாங்கிவிடுங்கள்.

மத்தியானம் கப்பலுக்குத் திரும்பியதும் மனைவியும் நானும் மறுபடி இறங்கினோம். துறைமுகத்துக்கு எதிரே முனிச்சிப்பியோ மெட்ரோ. தொலேதோ, தாந்தே, மூன்றாவது ஸ்டாப் மூசேயோ. ஏறி இறங்கினால் அருங்காட்சியகம். அங்கே ரகசிய அறை என்று ஒன்று. பாம்பெயில் கிடைத்த சிற்றின்பச் சிற்பங்கள் வைத்திருப்பது. அதற்குள் நம் நாட்டுத் தந்தச் சிலை ஒன்று நிற்கிறது. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். 1938-ல் பாம்பெய் வீடொன்றில் தோண்டி எடுத்தது. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள்; யட்சியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கையில் முழங்கை வரை அடுக்கு வளையல், காலில் அடுக்குத் தண்டை, இரண்டு பக்கமும் அலங்காரச் சாமான் ஏந்திய சின்னத் தோழிகள். உச்சந்தலையில் ஒரு துளை. ஏதோ கண்ணாடிக்கோ மேஜைக்கோ கைப்பிடியாகவோ காலாகவோ இருந்திருக்க வேண்டும். கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தபோது இது அந்த வீட்டில் இருந்திருக்கிறது. மிளகும் தந்தமும் வாங்க ரோமானியக் கப்பல்கள் நம் மேற்குக் கரைக்கு வந்துபோன காலம். அந்த அறையில் மற்றவர்கள் வேறு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மனைவி இதன் முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றாள். "தண்டையப் பாருங்க, எங்க பாட்டி போட்டிருந்த மாதிரியே" என்றாள். பஸ்ஸில் வந்த நாற்பது பேரில் இதைப் பார்த்தது நாங்கள் இருவர்தான்.

சைவத்துக்கு: கப்பலில் புக் செய்யும்போதே எழுதிக் கொடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பு, சோறு கிடைக்கிறது. நேப்பிள்ஸில் மரினாரா பீட்ஸா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஒரெகானோ, சீஸ் கிடையாது.

கடைசி நாள் பார்சிலோனாவில் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். மாலை விமானம் என்றால் பெட்டியை சான்ட்ஸ் ரயில் நிலையத்தின் லக்கேஜ் அறையில் போட்டுவிட்டு ஊர் சுற்றலாம். அங்கிருந்தே விமான நிலையத்துக்கு அரை மணிக்கொரு ஆர்2 நோர்த் ரயில். அது இரண்டாம் முனையத்துக்குத்தான் போகும். உங்கள் விமானம் முதல் முனையம் என்றால் இறங்கி இலவச பஸ் பிடிக்க வேண்டும், அதற்குத் தனியாகக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.