ஸ்வெர்வ் மாட்யூல்: மரத் தட்டா, அலுமினியத் தட்டா?

எஃப்.ஆர்.சி. என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டிக்கு ஸ்வெர்வ் (ஒவ்வொரு சக்கரமும் தனியாகச் சுழன்று, தனியாகத் திரும்பும் அமைப்பு) வேண்டுமென்றால் பெரும்பாலான அணிகள் கடை மாட்யூலைத்தான், அதாவது சக்கரமும் கியரும் சேர்ந்த தயார் தொகுதியைத்தான், வாங்குகின்றன. எம்கே4ஐ என்ற மாட்யூலை வாங்கினால் 8.14, 6.75, 6.12 ஆகிய கியர் விகிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மோட்டாரை மாட்டிவிட்டு நேரே புரோகிராமிங்கில் இறங்கிவிடலாம். சீசன் தொடங்கி, கையில் பணமும் இருந்தால் அதுவே சரி. சொந்தமாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் மோட்டாரையும் கியர்களையும் தாங்கும் தட்டை எதில் வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. மரம் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சுளிக்க முடியாது.

6 மி.மீ. அலுமினியத் தட்டு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ வரும். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் 12, 13 கிலோதான். பொருளாகப் பார்த்தால் அலுமினியம் ஏழெட்டு மடங்கு விறைப்பானது. ஆனால் ஒரு தட்டு வளையாமல் நிற்பது அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் மூன்று மடங்கானால் விறைப்பு 27 மடங்கு கூடும். ஆக, எடை குறைந்த பிளைவுட் தட்டுதான் வளைவதற்கு மூன்று மடங்கு கடினம். ரோபோவின் எடைக்கு வரம்பு உண்டு; 2024 விதிப்படி பாட்டரி, பம்பர் நீங்கலாக அது 125 பவுண்டாக இருந்தது. நான்கு மூலைக்கும் ஒரு மாட்யூல் என்பதால், நான்கு இடத்திலும் கொஞ்சம் எடை மிச்சமாகும். கூடுதல் தடிமனுக்கு மாட்யூலுக்குள் இடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மரம் தோற்கும் இடம் தட்டு இல்லை, துளை. லேசரில் வெட்டிய பேரிங் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) துளையை விரலால் தடவிப் பாருங்கள், கரி ஒட்டும். அந்தக் கருகிய அடுக்கை நம்பி பேரிங்கை அழுத்திப் பொருத்தினால், மோதல்களில் கரி பொடிந்து பேரிங் ஆடத் தொடங்கும். 20 டிகிரி அழுத்தக் கோணமுள்ள (ஒரு பல் இன்னொன்றைத் தள்ளும் சாய்வு) கியர் பற்களில், சுழற்றும் விசையில் சுமார் 36 சதவீத அளவுக்கு இன்னொரு விசை இரு கியர்களையும் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பேரிங் ஆடினால் இரு கியர்களின் மையத் தூரம் மாறும், பற்கள் நுனியில் மட்டும் பிடித்துத் தேயும். கணினி ஓட்டும் வெட்டுக் கருவியான சிஎன்சி ரௌட்டரில் வெட்டினால் கரி இல்லை. ஆனாலும் அடுக்குக்கு அடுக்கு நார் திசை மாறுவதால் துளையின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரேபோல் தாங்காது.

இதற்கு நான் நம்பும் வழி கலப்புக் கட்டுமானம். பிளைவுட்டின் மேல் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை எப்பாக்சி பசை போட்டு ஒட்டி, பேரிங் துளைகளைத் தகட்டில் மட்டும் துல்லியமாக எடுங்கள். விறைப்பை மரம் தரும், துல்லியத்தை உலோகம் தரும். போல்ட் போகும் இடங்களிலும் மரத்துக்குள் அலுமினியக் குழாய் செருகி, இறுக்கம் உலோகத்தின் மேல் விழும்படி செய்ய வேண்டும். பிளைவுட் ஈரத்தில் நீள அகலத்தில் அதிகம் விரியாது, தடிமனில்தான் உப்பும். குழாய் இல்லாவிட்டால், உப்பியபோது நசுங்கிய மரம் காய்ந்தபின் போல்ட்டைத் தளரவிடும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அவசியம்.

3டி பிரிண்ட் தட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மோட்டார் சூட்டில் மெல்ல இளகி வடிவம் மாறும். மாதிரி பார்க்க நல்லது. சூடு மரத்துக்கும் ஒரு குறைதான். அலுமினியத் தட்டு மோட்டாரின் வெப்பத்தை இழுத்துப் பரப்பும், மரம் அதைச் செய்யாது. தள்ளுமுள்ளு ஆட்டத்தில் தொடர்ந்து மின்னோட்டம் இழுக்கும் ரோபோவுக்கு இது உண்மையான இழப்பு. மோட்டாரையும் அந்த 3 மி.மீ. தகட்டிலேயே பொருத்தினால் கொஞ்சம் ஈடாகும்.

அலுமினிய மில்லிங் வசதி உள்ள அணி மரத்தின் பக்கம் போக வேண்டியதில்லை. ரௌட்டர் மட்டும் வைத்திருக்கும் அணி, போட்டி இல்லாத ஆஃப் சீசனில் பயிற்சி ரோபோவுக்கு இந்தக் கலப்பு மாட்யூலைத் தாராளமாகச் செய்யலாம். சக்கரத்தைத் திருப்பும் பகுதிக்குக் கியருக்குப் பதில் டைமிங் பெல்ட் (பல் வைத்த பெல்ட்) போட்டால், மையத் தூரம் துளி பிசகினாலும் பெல்ட் பொறுத்துக்கொள்ளும். முதல் மாட்யூலில் நான் அதைத்தான் போடச் சொல்வேன்.