டிசி கொடுக்கும் பள்ளியும் உட்காரவைத்துப் பேசும் பள்ளியும்

ஆசிரியராக இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன். முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் பத்தே நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். பி.டி. சார் இழுத்து வருவார். இருவரும் மன்னிப்புக் கடிதம் எழுதுவார்கள். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லைன்னா டிசி." ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மீதிச் சண்டை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அண்ணன்மார் துணையோடு நடக்கும். பெரியவர்கள் கண்ணில் படாமல் சண்டை போடுவது எப்படி என்பதைத்தான் அங்கே கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது பள்ளியில் எச்.எம். இருவரையும் முதலில் தனித்தனியாகக் கேட்பார், அப்புறம் சேர்த்து உட்காரவைப்பார். என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, சரிசெய்ய நீ என்ன செய்வாய்? ஒருமுறை ஒருவன் இன்னொருவனின் சைக்கிள் டயரைக் கிழித்துவிட்டான். கேட்டால், வாட்ஸ்ஆப் குழுவில் கிழித்தவனின் அக்காவைப் பற்றி சைக்கிள்காரன் போட்ட ஒரு வரிதான் காரணம். டயருக்குக் கிழித்தவன் பணம் கொடுத்தான், அதே குழுவில் சைக்கிள்காரன் மன்னிப்புக் கேட்டான். முதல் பள்ளியாக இருந்தால் அந்த ஒரு வரி வெளியே வந்தே இருக்காது.

இதற்கு விலை உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2015 முதல் இரண்டு கல்வியாண்டுகள், 44 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் இடைநீக்கத்தில் இழக்கும் நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மதிப்பெண் சரிந்தது. அப்படியிருந்தும் நான் பேசும் பள்ளியின் பக்கம்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அது சரிப்படவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியாது. சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியல் சாதி மாணவன் புகார் கொடுத்தான். அன்று இரவே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் "ரெண்டு பேரும் கைகொடுத்துக்குங்க" என்பது கொடுமை. அது சண்டையே இல்லை, ஒருதலையான அடக்குமுறை. அங்கே முதல் வேலை பாதுகாப்பு.

பள்ளிகளில் சக மாணவர் தொல்லையைத் தடுப்பதற்கான பின்லாந்தின் கீவா திட்டம் இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்கிறது. தொல்லை கொடுத்தவர்களிடம் ஆசிரியர்கள் தனியாகப் பேசுவார்கள். பாதிக்கப்பட்டவனுக்குத் துணை நிற்கும்படி வகுப்பில் சிலரைக் கேட்டுக்கொள்வார்கள். வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதற்கென்றே அதில் பாடங்கள் உண்டு. சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக் கூட்டம் சேரும் நம் வகுப்புகளுக்கு மிகவும் தேவையானது அந்தப் பாடங்கள்தான் என்று நினைக்கிறேன்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை என்ற பரிந்துரையைத்தான் எல்லாரும் பேசினோம். 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் எச்.எம். ஒவ்வொரு முறையும் இரண்டு பையன்களோடு உட்கார்ந்தபோது, அவருடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை எடுக்க ஆள் இருந்ததில்லை.